எட்டு முப்பத்திரண்டு

பதினொரு மணிப் பார்வை முடிந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு பின்னால் மூடிக்கொண்ட பிறகும் வேதவல்லி செருப்பைக் காலில் மாட்டாமல் நின்றாள். வெறுங்காலில் தரையின் குளிர் ஏறியது. அது உள்ளே கிடக்கும் கணவருடைய பாதத்திலிருந்து தொற்றிக்கொண்டு வந்த குளிர் என்றே தோன்றியது, ஏனெனில் போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அந்தப் பாதத்தைச் சற்றுமுன் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. மூக்கில் குழாய். இடக்கை விரல்கள் எதையோ உருட்டுவதுபோல அவ்வப்போது அசைந்தன. வலக்கை, யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்துபோன பொருளாகக் கிடந்தது. திரையில் பச்சை எண் எழுபத்தாறு, அதற்குக் கீழே நீல எண் தொண்ணூற்றேழு. நேற்று மாலை ஐந்து மணிக்கும் ஏறத்தாழ இவையே. கண், குழாய், இடக்கை, வலக்கை, பச்சை, நீலம் என்று நேற்றைய பட்டியலை இன்றைய பட்டியலின் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, மாற்றம் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டபோது, தான் செய்வது இன்னதென்று அவளுக்கே உறைத்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அவள் கையால் எழுதிய மென்பொருள் இதைத்தான் செய்கிறது, ஐந்து நொடிக்கு ஒரு தடவை, இரவும் பகலும், உலகத்தின் எத்தனையோ மூலைகளில். அடுத்த பார்வை மாலை ஐந்து மணிக்கு. இடையில் ஆறு மணி நேரம் கிடந்தது.

காத்திருப்போர் கூடத்தின் எஃகு நாற்காலியில், மடிக்கணினிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திறக்க மனம் வரவில்லை. திறந்தால், அந்த மென்பொருளை வாங்கியிருந்த துறைமுகத்துக்காரர்களின் புகார்க் கடிதம் மேலே நிற்கும். ஒரு கணினிக்கு வலைக்குள் போகச் சில வாசல்கள் உண்டு. கம்பி வழியாக ஒன்று, கம்பியில்லாமல் ஒன்று, சிலவற்றில் மூன்று நான்குகூட. அலுவலகத்தில் எல்லாரும் இன்டர்ஃபேஸ் என்பார்கள், தமிழிலேயே படித்து வளர்ந்த வேதவல்லிக்கு மனத்துக்குள் அது வாசல்தான். எந்த வாசல் திறந்திருக்கிறது, எது மூடிவிட்டது, எது புதிதாக முளைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் மென்பொருள் சரியான வழியில் பேசும். அதை அறிய இரண்டு முறைகள். வாசலில் ஏதேனும் நடந்தால் கணினியே கூப்பிட்டுச் சொல்லும், காதைத் திறந்து வைத்திருந்தால் போதும். இல்லாவிட்டால் நாமே நேரத்துக்கு நேரம் போய்ப் பார்த்து, போன தடவை எடுத்த பட்டியலோடு இந்தத் தடவைப் பட்டியலை ஒத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். அவளுடைய மென்பொருள் நான்கு வகைக் கணினிகளில் ஓடவேண்டியிருந்தது. மூன்று வகை கூப்பிட்டுச் சொல்லும், ஆனால் மூன்றும் மூன்று பாஷையில் சொல்லும். நான்காவது சொல்லவே சொல்லாது. எல்லா இடத்திலும் ஒரு வரிகூட மாறாமல் ஓடவேண்டும் என்ற பிடிவாதத்தில், கூப்பிடுகிற மூன்றின் குரலையும் அடைத்துவிட்டு, நான்கிலும் நாமே போய்ப் பார்ப்போம் என்று முடிவெடுத்தவள் அவள்தான். அன்றைய கூட்டத்தில், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகாத ரெபெக்கா எழுந்து, கூப்பிடற இடத்துலயாவது காதைக் குடுத்துக் கேட்டுக்கலாமே மேடம் என்றாள். ஒரு வீட்டில் ஒரு முறைதான் இருக்கவேண்டும் என்று வேதவல்லி சொல்ல, கூட்டம் சிரித்து, அத்துடன் பேச்சு முடிந்தது. எத்தனை நொடிக்கு ஒரு தடவை என்ற கேள்வி வந்தபோது ஐந்து என்றாள். ஐந்து நொடிக்குள் என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது. இப்போது துறைமுகத்தில், பாரந்தூக்கிகளின் அதிர்வில் கம்பி ஒன்று மூன்று நொடி கழன்று மறுபடி பொருந்திக்கொள்கிறது. போய்ப் பார்க்கும்போதெல்லாம் வாசல் அதே பெயரோடு, அதே முகவரியோடு நிற்கிறது. மாற்றம் இல்லை என்கிறது மென்பொருள். ஆனால் பேச்சு அறுந்துபோயிருக்கிறது. திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டு நிற்கிறது, அரை மணி நேரம், ஒரு மணி நேரம்.

வாசல் என்றதும் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. தினமும் மாலை ஆறரைக்கு அதே வாசலில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றும்போதே மூன்று கேள்விகள் கேட்பாள். மாத்திரை போட்டீங்களா. சாப்பிட்டீங்களா. யாராவது வந்தாங்களா. குலசேகரன் கூடத்துச் சாய்வு மேசையிலிருந்து தலையைத் தூக்காமலே, போட்டேன், சாப்பிட்டேன், யாரும் வரலை என்பார். நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து எட்டு ஆண்டுக்கு முன்பே விருப்ப ஓய்வு பெற்ற மனிதர், ஐம்பத்தொன்பது வயது. ஓய்வுக்குப் பிறகும் யாருக்காவது மனைப் படம் வரைந்துகொண்டே இருப்பார், அந்த வலக்கை ஒரு முடியிழை அகலத்துக்குக் கோடு இழுக்கும். மூன்று பதிலும் நேற்றைய பதிலோடு ஒத்துப்போனால் அவள் சமையற்கட்டுக்குப் போய்விடுவாள். கலியாணமான புதிதில் இப்படி இல்லை. அப்போது அலுவலகத்திலிருந்து மூன்று தடவை நான்கு தடவை அவருடைய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிடுவாள், பக்கத்து மேசைக்காரர்கள் கேலி செய்வார்களாம். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் மெல்லச் சொன்னார், நீ பத்து தரம் கேட்டா பத்து தரமும் ஒண்ணுமில்லைன்னுதானே சொல்லணும், வேதா, எனக்கும் அலுப்பு, உனக்கும் அலுப்பு. கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது, மறுநாளிலிருந்து கூப்பிடுவதில்லை. காலையில் போகும்போது ஒரு பார்வை, மாலையில் வந்ததும் ஒரு பார்வை. நடுவில் பத்து மணி நேரம். குழந்தையும் இல்லாத வீட்டில் அந்தப் பத்து மணி நேரமும் அவர் என்ன செய்தார், எதைப் பார்த்துச் சிரித்தார், எந்தப் பாட்டை முணுமுணுத்தார், ஒரு தடவையாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரா. தெரியாது. இருபத்தேழு ஆண்டுகளில் தனக்குத் தெரிந்த குலசேகரன், காலையும் மாலையும் எடுத்த பட்டியல்கள்தானோ என்ற எண்ணம் எழுந்தது. அதை அப்படியே நெட்டித் தள்ளினாள். மறுபடி வந்தது. கைப்பேசி அதிர்ந்தபோது நன்றியோடு எடுத்தாள்.

"மேடம், சாப்பிட்டீங்களா? சாப்பிட்டேன்னு பொய் சொல்லாதீங்க, குரல்லயே தெரிஞ்சுடும்." ரெபெக்காதான்.

"சாப்பிட்டேன். கேன்டீன் இட்லி. நாலு வாங்கினா சுவர் எழுப்பலாம்."

"சார் எப்படி இருக்கார்?"

"அப்படியே."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு, "துறைமுகத்துக்காரங்க மறுபடி எழுதியிருக்காங்க. அஞ்சு செகண்டை ஒண்ணாக் குறைச்சு அனுப்பிடட்டுமா? நீங்க எதுவும் பேச வேண்டாம். சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்கறேன்."

"ஒரு செகண்டுக்குள்ள போயிட்டு வந்துட்டா?"

"அரை ஆக்கிடலாம்."

"அரைக்குள்ள?"

"அப்ப நாள் பூரா பாத்துட்டேதான் இருக்கணும் மேடம். அந்தப் பெட்டி சூடாகி, பாரந்தூக்கில உக்காந்து ஆம்லெட் போடலாம்."

வேதவல்லியின் உதடு தன்னையறியாமல் விரிந்து, உடனே வெட்கப்பட்டு ஒடுங்கியது. "வேற வழி யோசிப்போம்" என்றாள்.

"வேற வழி எதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ஏழு வருஷத்துக்கு முன்னால சொன்னதை இன்னிக்குச் சொல்ல மாட்டேன். நல்ல பிள்ளை நான்."

"நான் வந்து பேசிக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சரி, நீ சொன்னபடியே செய் என்று சொல்லியிருக்கலாம். நான்கு சொல். வாய் வரவில்லை. இந்த நிலையிலும் வரவில்லையே என்று தன்மேலேயே ஒரு கசப்பு ஊறியது.

கசப்பு நேராகச் செவ்வாய்க்கிழமைக்கு இழுத்துக்கொண்டு போனது. எங்கிருந்து புறப்பட்டாலும் இந்த மூன்று நாளாக நினைவு அங்கே போய்த்தான் முட்டுகிறது. மூன்று மணிக்கு மேல், அலுவலகத்தில், அடுக்ககத்துக் காவலாளியின் எண் கைப்பேசியில் மின்னியது. ஐயா விழுந்து கெடந்தாரும்மா, இஸ்திரிக்காரப் பேச்சியம்மாதான் துணி குடுக்க மேல போய்ப் பாத்துச்சு, ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டோம். மருத்துவமனைக்குள் அவள் ஓடி வந்தபோது மணி நான்கு பத்து. ஓடி என்றால் ஓடவில்லை, ஓடத் தெரியாத கால்கள், வேகமாக நடந்தாள். கண்ணாடி போட்ட இளம் டாக்டர் கையில் அட்டையோடு நின்றார். மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு மேடம், எனக்கு ஒரு விஷயம் சரியாத் தெரியணும், கடைசியா அவர் நல்லா இருந்ததை எப்பப் பாத்தீங்க? எப்போது விழுந்தார் என்று கேட்கவில்லை, அது யாருக்கும் தெரியாது. கடைசியாக நன்றாக இருந்தது எப்போது. வேதவல்லி தடுமாறவில்லை. தடுமாறாமல் பதில் சொல்வது அவளுடைய பெருமை. எட்டு முப்பத்திரண்டு என்றாள். எட்டரையா என்று டாக்டர் எழுதப் போனார், எட்டு முப்பத்திரண்டு என்று திருத்தினாள். லிஃப்டுக்குள் நுழையும்போது கைக்கடிகாரத்தைப் பார்ப்பது அவள் வழக்கம், அவர் கதவருகே பற்பசை நுரைத்த வாயோடு நின்று கையசைத்தார், அதுவும் நினைவிருக்கிறது. டாக்டர் அட்டையில் எழுதிக்கொண்டு மனத்துக்குள் கணக்குப் போட்டார், உதடு அசைந்தது. ஏழரை மணி நேரத்துக்கு மேலே ஆயிடுச்சு, அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு, ஆனா நாலரை மணி நேரத்துக்குள்ளதான் போடலாம், அதுக்கு மேல போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சுடும், நேரம் தெரியாதப்ப கடைசியாப் பாத்ததுலேர்ந்துதான் எண்ணணும். அது நியாயமாகவே பட்டது அவளுக்கு. முறையானது, சரியானது. தலையாட்டினாள். பேஷண்ட்டோட வர்றவங்கள்ல இத்தனை தெளிவாச் சொல்றவங்க கிடைக்கிறது அபூர்வம் மேடம் என்றார் டாக்டர், அந்த நிலைமையிலும் அது காதில் இனிப்பாக விழுந்தது. அப்படி இனித்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது மணி இரண்டே முக்கால் இருக்கும். பேச்சியம்மாள் லிஃப்டிலிருந்து வெளியே வந்து, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முழித்து, வேதவல்லியைக் கண்டதும் முகம் தெளிந்து வந்தாள். அடுக்ககத்தின் மாடிப்படிக்குக் கீழே கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுபவள்; சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, சென்னைக்கு வந்து பதினைந்து ஆண்டாகியும் பேச்சு மாறவில்லை. ஒரு கையில் மடித்த புடவைகள் வைத்த பை, மறுகையில் தூக்குப் போசி.

"கஞ்சிம்மா. உப்பு கம்மியாத்தான் போட்டிருக்கேன். மாத்துச் சேலை ரெண்டு இருக்கு, சாவி காவலாளிட்ட இருந்துச்சு, நானே எடுத்துத் தேச்சுட்டேன். வையாதிய."

"எதுக்குத் திட்டப் போறேன். உட்காரு பேச்சி."

"இருக்கட்டும். இந்த நாக்காலில உக்காந்தா எந்திரிக்க மனசு வராது, குளுகுளுன்னுல்லா இருக்கு." சொல்லிக்கொண்டே விளிம்பில் உட்கார்ந்தாள். "ஐயா முழிச்சாகளா?"

"இல்லை."

"அன்னைக்கு ஒன்றரை மணிக்கு அப்படிச் சிரிச்சுப் பேசிட்டு நின்னாக. இப்படிக் கெடக்காகளே."

வேதவல்லி போசியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். கை அந்த இடத்திலேயே நின்றது. "என்னைக்கு ஒன்றரை?"

"செவ்வாக்கெழமதான். தேய்க்கத் துணி எடுக்க மேல போனம்லா. எதுத்த பள்ளிக்கூடத்துல சாப்பாடு முடிஞ்சு பிள்ளைகள உள்ள அனுப்ப மணி அடிச்சாக, அது ஒன்றரைக்குத்தான அடிப்பாக. வாசல்ல நின்னு கால் மணி நேரம் பேசுனாக. எம் மவ நர்சு படிப்புக்கு எழுதிப் போட்டது என்னாச்சுன்னு கேட்டாக. பொறவு உங்களப் பத்தித்தான் ஒரே கேலி."

"என்னைப் பத்தியா?"

"உங்கம்மா சாயங்காலம் வந்ததும் மூணு கேள்வி கேப்பா பேச்சி, எத்தனையோ வருசமா மூணுக்கும் நான் ஒரே பதில்தான் சொல்லுதேன், இன்னைக்கு ஒண்ண மாத்திச் சொல்லப் போறேன், கண்டுபிடிக்காளா பாப்பம்னு சொல்லி ஒரே சிரிப்பு."

"எந்தப் பதிலை?"

"அதச் சொல்லலியே. நானுங் கேட்டேன். உங்கிட்டச் சொன்னா நீ துணியோட சேத்து மடிச்சு ஒவ்வொரு வீட்டுக்கும் குடுத்துருவியேன்னுட்டாக."

"பேச்சு தெளிவா இருந்ததா? வாய் கோணலை? கை?"

"வாயெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சட்டையெல்லாம் எண்ணி, ரெண்டு கையாலயும்லா தூக்கிக் குடுத்தாக."

"இதை அன்னைக்கு டாக்டர்கிட்ட சொன்னியா?"

"ஆம்புலன்ஸ்ல கூடவேதான் வந்தேன். கேட்டாத்தானம்மா. நீ யாருன்னாக. இஸ்திரி போடுறவன்னேன். சொந்தக்காரங்க வரட்டும், நீ கீழ போயி இருன்னுட்டாக. நீங்க வாரப்பக்கூட லிப்டு பக்கத்துலதான் நின்னேன். அம்மான்னேன். நீங்க கவனிக்கல, பாவம், பதட்டத்துல வந்திய." பேச்சியம்மாள் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன் மொகம் மாறுது? தப்பா ஏதுஞ் சொல்லிட்டனா?"

"ஒண்ணும் இல்லை. நீ இரு. அஞ்சு மணிக்கு டாக்டரைப் பார்க்கணும்" என்று எழுந்து, எங்கே போகிறோமென்று தெரியாமல் நடந்து, கூடத்தின் கோடியிலிருந்த சன்னலருகே போய் நின்றாள். கீழே சாலையில் வண்டிகள் ஓடின. ஒன்றரையிலிருந்து நான்கு பத்து. இரண்டு மணி நாற்பது நிமிடம். கால் மணி நேரம் பேசினார் என்றால் ஒன்றே முக்கால், இன்னும் குறைவு, இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். நாலரை மணி நேரத்துக்குள் எத்தனை தாராளமாக அடங்குகிறது. ஊசியைப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் மிச்சம்கூட இருந்திருக்கும். எட்டு முப்பத்திரண்டு என்று சொன்னது பொய்யில்லை, அவள் கடைசியாகப் பார்த்தது எட்டு முப்பத்திரண்டுதான். ஆனால் டாக்டருக்கு வேண்டியிருந்தது அவள் பார்த்த நேரம் இல்லை, யாராவது பார்த்த நேரம். வீட்டுக்குள் அவளைத் தவிர இன்னொரு கண் இருக்கக்கூடும் என்று ஏன் தோன்றவில்லை. அவரைக் கண்டெடுத்தவளே பேச்சியம்மாள்தான் என்று காவலாளி தொலைபேசியில் சொன்னானே, மூன்று மணிக்குத் துணி கொடுக்க வந்தவள் அதற்கு முன்னால் துணி எடுக்க வந்திருப்பாள் என்பது குழந்தைக்கும் தெரியுமே. ஆறு ஆண்டாக அவள்தானே வருகிறாள். ஆறு ஆண்டாக, யாராவது வந்தாங்களா என்ற மூன்றாவது கேள்விக்கு யாரும் வரலை என்ற பதில். அவரும் பேச்சியம்மாளை ஒரு வருகையாக எண்ணவில்லையா, அல்லது அதைத்தான் அன்று மாற்றிச் சொல்ல இருந்தாரா, பேச்சி வந்தா, கால் மணி நேரம் பேசினோம் என்று. அதுவாக இருக்குமோ. மாத்திரை போடவில்லை என்பதாக இருக்குமோ. உண்மையிலேயே போடவில்லையோ. நான் கண்டுபிடித்திருப்பேனா. செருப்பின் வாரை இழுத்துக்கொண்டே, ம் ம் என்று சொல்லிவிட்டு, மாற்றம் இல்லை என்று உள்ளே போயிருப்பேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து, தோற்றவர்போல அந்தக் கோட்டையே வரைந்துகொண்டிருந்திருப்பார். லிஃப்ட் பக்கத்தில் ஒரு கை நீண்டது நினைவுக்கு வந்தது. இப்போது வந்தது. அம்மா என்ற குரல்கூட. வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்துவிட்டு அவள் போயிருந்தாள். கூப்பிட்டுச் சொல்ல ஒருத்தி நின்றாள், காதை அடைத்தேன். நானே போய்ப் பார்த்தது போதும் என்று இருந்தேன். சன்னல் கண்ணாடி மூச்சுப்பட்டு மங்கியது, துடைத்தாள், மறுபடி மங்கியது. ஒன்றரையிலிருந்து நான்கு பத்து, இரண்டு மணி நாற்பது. கூட்டிப் பார்த்தாலும் கழித்துப் பார்த்தாலும் அதே விடைதான் வந்துகொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு உள்ளே போனாள். கண், குழாய், இடக்கை, வலக்கை. பச்சை எண்ணை அவள் பார்க்கவில்லை. வலக்கையை இரண்டு கைகளுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். ஆள்காட்டி விரலில் பென்சில் பிடித்துப் பிடித்துக் காய்த்த இடம் கல்போல இருந்தது, அதை அழுத்தினாள், அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் ஓடவில்லை. டாக்டர் வந்து, வாங்க மேடம் என்று ஓரமாக அழைத்துப் போனார்.

"இன்னிக்கு எடுத்த ஸ்கேன் வந்திருக்கு. உயிருக்கு ஆபத்து தாண்டிடுச்சுன்னு சொல்லலாம். நாளைக்கோ மறுநாளோ கண்ணைத் திறப்பார். ஆனா பேச்சுக்கான இடம் நிறைய அடிபட்டிருக்கு. வலது கையும் பெரிசா எதிர்பார்க்க முடியாது. நாம சொல்றது கொஞ்சம் புரியலாம், திரும்பப் பதில் சொல்றது கஷ்டம். உங்களை உடனே அடையாளம் தெரியலைன்னா மனசு விட்டுடாதீங்க."

"டாக்டர், ஒன்று கேட்கவேண்டும்." தன் குரல் இத்தனை ஒழுங்காக வருவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "ஒன்றரை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருந்தால்?"

டாக்டர் அட்டையைப் புரட்டினார். "எட்டு முப்பத்திரண்டுன்னுதானே இருக்கு."

"ஆமாம். தெரிந்திருந்தால் என்று கேட்கிறேன்."

"ஊசி போட்டிருப்போம்." சொன்ன பிறகு அவர் முகம் கொஞ்சம் தணிந்தது. "சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. இவருக்குக் கேட்டிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது மேடம். ஏன், யாராவது பாத்திருந்தாங்களா?"

யாராவது. அவள் வாயைத் திறந்தாள். பேச்சியம்மாளின் பெயரைச் சொன்னால் அட்டையில் ஏறும், ஏறி என்ன ஆகும், நாளைக்கு இவரோ சிஸ்டரோ அவளிடம், நீங்க ஏம்மா அப்பவே சொல்லலை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். "இல்லை. சும்மா கேட்டேன்" என்றாள். நேரத்தை ஒரு நிமிடம் கூடக்குறையச் சொல்லாதவள் சொன்னதை டாக்டர் அப்படியே நம்பினார்.

வெளியே வந்தபோது பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் வீங்கியிருந்தது, முந்தானை நனைந்திருந்தது. பக்கத்து நாற்காலியில், தன் அண்ணனுக்காக ஒரு வாரமாகக் காத்திருக்கும் பெண்மணி கண்ணைக் கீழே போட்டுக்கொண்டாள்.

"அம்மா, இந்த அக்கா சொல்லுதாக, கடைசியா நல்லா இருந்த நேரம் தெரிஞ்சா ஊசி போட்டு எந்திரிக்க வச்சிருவாகளாமே. இவுக அண்ணனுக்கு அப்படித்தான் போட்டாகளாம். நேரந் தெரிஞ்சவ நான்லா. வாய வச்சுக்கிட்டுச் சும்மா கீழ உக்காந்திருந்தேனே. ஓடி வந்து கத்தியிருக்கலாம்லா. என்ன வெளிய தள்ளுனாலும் தள்ளட்டும்னு கத்தியிருக்கலாம்லா."

வேதவல்லி அவளுடைய தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடத்துத் தொலைக்காட்சியில் ஒலியில்லாமல் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் டாக்டரைக் கேட்டுட்டேன், பேச்சி. நீ ஒன்றரைக்குப் பார்த்ததைச் சொல்லியே கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

"அந்த ஊசி எல்லாருக்கும் ஆகாதாம். அவங்க அண்ணனுக்கு ஆகும், இவருக்கு ஆகாது. இவர் ஏற்கெனவே சாப்பிடற மாத்திரைக்கு அது ஒத்துக்காதாம். ஒன்றரைன்னு தெரிஞ்சிருந்தாலும் போட்டிருக்க மாட்டாங்களாம். எட்டரையும் ஒன்றரையும் இவருக்கு ஒண்ணுதான்."

பேச்சியம்மாள் அவள் கண்ணையே பார்த்தாள். "நெசமாவாம்மா?"

"உன்கிட்ட நான் என்னைக்காவது தப்பா எண்ணிச் சொல்லியிருக்கேனா?"

அது உண்மை. ஆறு ஆண்டில் துணி எண்ணிக்கையில்கூட ஒரு தடவை தவறியதில்லை. பேச்சியம்மாளின் நெஞ்சுக்கூடு மேலேறி, நீளமாக ஒரு மூச்சு வெளியேறி, தோள்கள் இறங்கின. முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "உசுரே போச்சு எனக்கு" என்றாள். பக்கத்துப் பெண்மணியைப் பார்த்து, "கேட்டியளாக்கா, இவுகளுக்கு அது ஆகாதாம்" என்று சொன்னாள். அந்தப் பெண்மணியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். பிறகு போசியை வேதவல்லியின் பக்கம் நகர்த்தி, "ஆறிப் போச்சு, இருந்தாலும் குடிச்சிருங்க. நான் வாரேன். கரி பூரா சாம்பலாயிருக்கும்" என்று எழுந்தாள்.

லிஃப்ட் வரும்வரை வேதவல்லி கூடவே நின்றாள். உள்ளே ஏறியதும் பேச்சியம்மாள் திரும்பி, "ஐயா முழிச்சதும் சொல்லியனுப்புங்க. எந்தப் பதில மாத்தப் போனிகன்னு நானே வந்து கேக்கேன்" என்றாள், கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். கேளு என்று வேதவல்லியும் சிரித்தாள். கதவு மூடியது. மேலே சிவப்பு எண் மூன்று என்று காட்டி, இரண்டானது, ஒன்றில் நெடுநேரம் நின்றது, அங்கே யாரோ படுக்கை வண்டியை ஏற்றுகிறார்கள் போலும். அது கீழ்த்தளம் என்று காட்டும்வரை அவள் அந்தச் சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்திருந்தாள்.